லேப்டாப்பை நாலாகப் பிரிக்கச் சொல்கிறார்கள், பிரிக்கலாமா?

கேள்வி: வணக்கம். பள்ளத்தூரில் இருந்து எழுதுகிறேன். கல்யாண வீடுகளுக்கு மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று பலகாரம் செய்து கொடுக்கிறேன். ஆர்டர், கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப் வாங்கி அனுப்பியிருக்கிறான். ஒரு டிபி என்றான், உள்ளே 931 ஜிபிதான் காட்டுகிறது. அதுவும் சி டிரைவ் ஒன்றே ஒன்று. வீட்டுப் பத்திரங்கள், எங்கள் ஐயா காலத்துப் பர்மாக் கணக்கு, அப்பத்தா கல்யாண இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்), பழைய போட்டோக்கள் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். விண்டோஸுக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று, பத்திரத்துக்கு ஒன்று, பேத்தி படிப்புக்கு ஒன்று என்று நாலாகப் பிரித்துப் பூட்டினால் வைரஸ் வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று உறவுக்காரப் பையன் சொல்கிறான். கடையிலோ, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் பிரிக்க முடியும் என்கிறார்கள். எது சரி? (ஸ்கேன் எல்லாம் இப்போது பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அதில் சி, டி, ஈ, எஃப் என்று நான்கு உண்டு. சி மட்டும் எப்போதும் சிவப்பாக இருக்கிறது. கொஞ்ச நாளாக டிக் டிக் என்று சத்தமும் வருகிறது.)

பதில்: அன்புள்ள ஆச்சி, வணக்கம். உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். லேப்டாப்பைப் பிரிப்பது அடுத்த மாதம் நடந்தாலும் குடி முழுகிவிடாது. அந்த டிக் டிக் சத்தம் காத்திருக்காது.

பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்குக்குள் வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. அவற்றின் மேல் தொட்டும் தொடாமலும் ஒரு முள் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. படிக்க வேண்டிய இடம் அகப்படாமல் அந்த முள் திரும்பத் திரும்பப் போய் வந்தால் இப்படிச் சத்தம் வரும். ஃபேனில் ஒயர் உரசினாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான். எதுவென்று ஆராய்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்தான் என்று எடுத்துக்கொண்டு, இன்றைக்கே ஸ்கேன்களை வெளியே எடுத்துவிடுங்கள். உங்கள் ஐயா கணக்கை இன்னொரு முறை ஸ்கேன் செய்யலாம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த ஏடுகள் இனி எத்தனை தடவை பிரித்து மடிப்பதைத் தாங்கும் என்பது கையில் எடுத்துப் பார்த்த உங்களுக்குத் தெரியும்.

யுஎஸ்பியில் மாட்டும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒரு டிபியில் ஒன்று வாங்குங்கள். இரண்டாக வாங்கினால் இன்னும் நல்லது, காரணம் பின்னால் சொல்கிறேன். எடுக்கும்போது வரிசை முக்கியம். முதலில் பத்திரங்கள், பர்மாக் கணக்கு, இசைகுடிமானம். அடுத்து குடும்ப போட்டோக்கள். பிறகு வியாபாரக் கணக்கு. சினிமா, பாட்டு இருந்தால் கடைசியில். மொத்த டிரைவையும் ஒரே மூச்சில் இழுத்துப் போடாமல் ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். ஏதாவது ஒரு ஃபைலில் நின்றுவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எடுத்து முடித்ததும் அந்த வெளி டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டி, நாலைந்து ஃபைலையாவது திறந்து பாருங்கள். பெயர் மட்டும் வந்து படம் வராமல் இருப்பதும் உண்டு.

அதுவரை பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் டீஃபிராக், பழுது பார்க்கும் செக் டிஸ்க் எதையும் ஓட விடாதீர்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நலிந்த டிஸ்க்கை இவை மணிக்கணக்கில் ஓட வைக்கும், அதிலேயே நின்றுபோகலாம். நடுவில் டிரைவே காணாமல் போனால் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது. அந்த நிலையில் அது டேட்டா ரெக்கவரி செய்பவர்கள் கைக்குப் போக வேண்டிய டிஸ்க்.

இனி லேப்டாப்.

931 பற்றிக் கவலை வேண்டாம், மகன் வாங்கியது சரியான சரக்குதான். டிஸ்க் செய்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சம் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. ஒரு டிபியை இந்த இரண்டாவது அளவையால் அளந்தால் 931 வரும்.

பிரித்துப் பூட்டினால் பாதுகாப்பு என்று உங்கள் உறவுக்காரப் பையன் சொன்னதற்கு உங்கள் ஊர் வீட்டையே வைத்துச் சொல்கிறேன். வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, தனிப் பூட்டு, தனிச் சாவி. யார் சாமான் எங்கே என்பதில் குழப்பமே வராது. ஆனால் மேலே ஓடு ஒன்றுதான். ஓடு சரிந்து மழை இறங்கினால் எல்லா அறையும்தான் நனையும். டிஸ்க்கைப் பிரிக்கும் பார்ட்டிஷனும் அப்படியே. சி, டி, ஈ என்று எத்தனை பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க். அது செத்தால் எல்லாம் சேர்ந்தே போகும். உங்கள் புது லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் எஸ்எஸ்டியாகத்தான் இருக்கும். அதில் சுழலும் தட்டோ முள்ளோ கிடையாது. அதனால் போகும்போது டிக் டிக் என்று முன்கூட்டிச் சொல்லாமலும் போய்விடலாம்.

வைரஸ் விஷயத்திலும் இதே கதைதான். ஃபைல்களைப் பூட்டி வைத்துவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், சி-யோடு நின்றுவிடாது. கண்ணில் படும் ஒவ்வொரு டிரைவ் எழுத்துக்குள்ளும் போகும். மாட்டியபடியே விட்டிருக்கும் வெளி டிஸ்க்கையும் விடாது. அதனால்தான் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்ததும் கழற்றி பீரோவில் வைக்கச் சொல்கிறேன். இரண்டாவது டிஸ்க்கை மகன் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புங்கள். பள்ளத்தூரில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று. இப்படி மூன்று இடத்தில் இருந்தால் இடி விழுந்து வீட்டிலுள்ள மின்சாதனம் எல்லாம் போனாலும் பத்திர நகல் பிழைக்கும். இசைகுடிமானம் போன்ற ஒன்றிரண்டை கூகுள் டிரைவிலும் போட்டு வைக்கலாம். இலவசமாக 15 ஜிபி தருகிறார்கள்.

அப்படியானால் பிரிக்கவே வேண்டாமா? உங்களுக்கு இரண்டாகப் பிரிப்பது நல்லது என்றே சொல்வேன். விண்டோஸ் பழுதானால் சி-யை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி போடலாம், டி-யில் இருப்பது அப்படியே இருக்கும். விண்டோஸிலேயே இப்போது ரீசெட் என்ற வசதி இருக்கிறது. அதில் கீப் மை ஃபைல்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் சி-யில் இருக்கும் உங்கள் சொந்த ஃபைல்களை அது தொடாது. ஆகவே பழைய நாட்களில் இருந்த அளவு அவசியம் இன்று இல்லை. ஆனாலும் நம் பக்கத்தில் சர்வீஸுக்குக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஸ்லோவாக இருக்கிறது என்று கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சி-யை ஃபார்மட் செய்து, புதிதாக விண்டோஸ் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். டெஸ்க்டாப்பில் இருந்த மகள் கல்யாண போட்டோ எங்கே என்று கேட்டால் பதில் வராது. அப்படிப்பட்ட கைகளில் இருந்து உங்கள் ஃபைல்களை ஒரு டி டிரைவ் காப்பாற்றும்.

நாலாக வேண்டாம் என்பதற்கு உங்கள் பழைய கம்ப்யூட்டரே சாட்சி. சி சிவப்பு என்கிறீர்கள். எஃப்-ஐத் திறந்து பாருங்கள், அநேகமாகப் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கும். ஒன்றில் மூச்சு முட்டும், இன்னொன்றில் இடம் வீணாகும். வீட்டுக்கு எவ்வளவு, வியாபாரத்துக்கு எவ்வளவு என்று ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஒருகாலத்தில் பிரித்தே ஆக வேண்டியிருந்தது. விண்டோஸ் 95 வந்த புதிதில், டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்க அது கையாண்ட ஃபேட் 16 என்ற முறையில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. 4 ஜிபி டிஸ்க் வாங்கியவர் இரண்டாக வெட்டித்தான் பயன்படுத்தினார். ஃபேட் 32 வந்து அந்தத் தடை போனது. பிறகு 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது சி-யை ஃபார்மட் செய்ய வேண்டியிருந்ததால் பிரிக்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. உங்கள் உறவுக்காரப் பையன் சொல்வது அந்தக் காலத்துக்குப் பொருத்தமான ஆலோசனை. இன்றைக்கு வியாபாரம், பத்திரம், படிப்பு என்று தனித்தனி ஃபோல்டர் போதும். ஃபோல்டர் தேவைக்கு ஏற்பத் தானே பெருகும், சுருங்கும்.

பேத்தி விஷயத்தில் ஒன்று கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். தனி டிரைவ் கொடுப்பது பூட்டு ஆகாது. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் அவளுக்குத் தனியாக ஒரு கணக்கு தொடங்குங்கள். அது ஸ்டாண்டர்ட் கணக்காக இருக்கட்டும், அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டாம். உங்கள் கணக்குக்குப் பாஸ்வேர்ட் போட்டுவிட்டால், சி-யில் உங்கள் பெயரில் இருக்கும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை அவளால் திறக்க முடியாது. ஆனால் புதிதாக உருவாக்கும் டி டிரைவில் அப்படி இல்லை. அந்த லேப்டாப்பில் கணக்கு இருக்கும் எல்லோரும் அதில் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். விண்டோஸ் அதை அப்படித்தான் தொடங்கி வைக்கிறது. தனி டிரைவில் போட்டால் பத்திரம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. பத்திர ஃபோல்டரின் மேல் வலது பட்டனை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பகுதியில் அனுமதியை மாற்றலாம். மகன் வீடியோ காலில் இருக்கும்போது அதைச் செய்யுங்கள், தவறாகப் போட்டால் உங்களுக்கே திறக்காது. பீரோவில் ஒரு நகல் இருக்கும் வரை பேத்தி தெரியாமல் அழித்தாலும் பதற வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் பிரிக்க முடியும் என்று கடையில் சொன்னது தவறு. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் இருந்தே, உள்ளே இருப்பதை அழிக்காமல் பார்ட்டிஷனைச் சுருக்கும் வசதி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. தனி சாஃப்ட்வேர் வேண்டாம். கிராக் செய்த (திருட்டு நகலான) பார்ட்டிஷன் சாஃப்ட்வேரைக் கிட்டவே சேர்க்காதீர்கள்.

தொடங்கும் முன் இரண்டு காரியம். லேப்டாப்பில் ஏற்கெனவே முக்கியமான ஏதாவது இருந்தால் வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். அடுத்து, செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற இடத்தில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா பாருங்கள். புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் பெரும்பாலும் தானாகவே ஆனில் இருக்கும். டிஸ்க்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் பூட்டு அது, நல்லதுதான். ஆனால் ஏதாவது கோளாறு என்றால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். லேப்டாப்பைத் தொடங்கும்போது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தீர்களோ அதில் அந்தக் கீ இருக்கும். மகன் தன்னுடைய கணக்கைப் போட்டுத் தொடங்கியிருந்தால் அவனிடம்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கித் தாளில் எழுதி, வீட்டுச் சாவிக்கொத்து வைக்கும் இடத்தில் வையுங்கள். கீ கையில் வரும் வரை டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.

பிறகு சார்ஜரை மாட்டிவிட்டு, ஸ்டார்ட் பட்டன் மேல் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று இருக்கும். திறந்தால் சி தவிர சின்னச் சின்னக் கட்டங்களும் தெரியும். 100 எம்பி, 200 எம்பி அளவில் இஎஃப்ஐ என்று ஒன்று, ரெக்கவரி என்று ஒன்றிரண்டு. வீணாகக் கிடக்கிறதே என்று அவற்றைத் தொட்டுவிடாதீர்கள். இஎஃப்ஐ போனால் லேப்டாப் கிளம்பாது.

சி கட்டத்தின் மேல் வலது பக்கம் அழுத்தி ஷ்ரிங்க் வால்யூம் கொடுங்கள். கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்துவிட்டு ஒரு பெட்டி வரும். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அது கேட்பது சி-யில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பதை அல்ல, சி-யில் இருந்து எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை. அதையும் எம்பியில் கேட்கும். ஒரு ஜிபிக்கு 1024 எம்பி. டி-க்கு 600 ஜிபி வேண்டுமென்றால் 614400 என்று எழுத வேண்டும். சி-க்கு 330 ஜிபி சொச்சம் மிஞ்சும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்சம் 64 ஜிபிதான். ஆனால் அப்டேட், வாட்ஸ்அப், புதுப் புது சாஃப்ட்வேர் எல்லாம் வந்து சேர்வது சி-யில்தான். 250-க்குக் கீழே இறங்காதீர்கள், மறுபடியும் சிவப்பு காட்டும்.

600 எழுத விண்டோஸ் இடம் கொடுக்காமலும் போகலாம். காலி இடம் 800 ஜிபி இருந்தும், 450 வரைதான் சுருக்க முடியும் என்று நிற்கும். அந்த எல்லையில் ஹைபர்னேட் ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் போன்ற, விண்டோஸ் தன்னால் நகர்த்த முடியாத ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயன்றால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் உங்களுக்கு அந்தப் பாடு தேவையில்லை. கொடுக்கிற 450-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த தாள்களும் பலகாரக் கணக்கும் அதில் கால்வாசியைக்கூட நிரப்பாது.

சுருக்கியதும் கறுப்புப் பட்டையோடு அன்அலோகேட்டட் என்று ஒரு கட்டம் வரும். அதன் மேல் வலது பக்கம் அழுத்தி நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்து, என்டிஎஃப்எஸ், குயிக் ஃபார்மட் என்று அது காட்டுவதை மாற்றாமல் நெக்ஸ்ட் கொடுத்துக்கொண்டே போனால் டி தயார். ஃபார்மட் என்ற வார்த்தையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கே ஃபார்மட் ஆவது புதிதாகப் பிறந்த காலி இடம் மட்டும்தான். நடுவில் டைனமிக் டிஸ்க்காக மாற்றவா என்று எப்போதாவது கேட்டால் மட்டும் கேன்சல் கொடுத்துவிடுங்கள். அந்த வழி வீட்டு உபயோகத்துக்கு வேண்டாத தலைவலி.

டி உருவானதாலேயே உங்கள் ஃபைல்கள் அங்கே போய்விடாது. டெஸ்க்டாப்பில் வைப்பதும் டாக்குமென்ட்ஸில் சேமிப்பதும் முன்போலவே சி-யில்தான் விழும். டி-யில் முதலில் வியாபாரம், பத்திரங்கள், போட்டோ என்று ஃபோல்டர்கள் போட்டு, சேமிக்கும்போதே அங்கே சேமிக்கப் பழகுங்கள். டாக்குமென்ட்ஸையே டி-க்கு மாற்ற வேண்டுமென்றால், அதன் ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் பகுதியில் மூவ் கொடுக்கலாம். அப்போது டி-க்குள் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். வெறுமனே டி என்று காட்டிவிட்டால் டி டிரைவ் முழுவதுமே டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும் பாடு. கணக்குக்கு டேலி வைத்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று தனியாகப் பாருங்கள். யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அது பெரும்பாலும் சி-யில் இருக்கும். டேட்டாவை டி-க்கு நகல் எடுத்து, டேலியின் செட்டிங்ஸில் புது இடத்தைக் காட்டி, அதில் உங்கள் கம்பெனிக் கணக்கு திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதை நீக்க வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரில் சிவப்பாகும் சி-க்கு டி-யில் இருந்து இடம் எடுத்துக் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல டிஸ்க்காக இருந்தால்கூட அது லேசில் நடக்காது. சி-யை ஒட்டி வலப்பக்கத்தில் காலி இடம் இருந்தால்தான் எக்ஸ்டென்ட் வால்யூம் என்ற, சி-யைப் பெரிதாக்கும் வசதி வேலை செய்யும். டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் ஒரு டிஸ்க்குக்கு நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் என்பதால் டி, ஈ, எஃப் மூன்றையும் பெரும்பாலும் ஒரே எக்ஸ்டென்டட் பகுதிக்குள் அடைத்திருப்பார்கள். டி-யை மட்டும் நீக்கினால் கிடைக்கும் இடம் அந்தப் பகுதிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், சி-க்கு வராது. மூன்றையும் காலி செய்து எக்ஸ்டென்டட் பகுதியையே நீக்கினால்தான் வழி. சத்தம் போடும் டிஸ்க்கில் இதைச் செய்யவே கூடாது.

ஃபைல்கள் எல்லாம் வெளியே வந்து, நகல்களைத் திறந்து பார்த்த பிறகு, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். காஷன் அல்லது பேட் என்று காட்டினால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும். குட் என்று காட்டியும் சத்தம் டிஸ்க்கில் இருந்துதான் வருகிறதென்றால் அந்தக் குட்டை நம்ப வேண்டாம். ஒரு சின்ன எஸ்எஸ்டி மாட்டினால் பேத்தி தட்டச்சுப் பழக அந்தக் கம்ப்யூட்டர் உதவும். அதில் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 14 அக்டோபர் 2025-உடன் நின்றுவிட்டன. வங்கிக் கணக்கையும் ஆர்டர் பணத்தையும் அதில் பார்க்காதீர்கள், அவற்றுக்குப் புது லேப்டாப் இருக்கட்டும். கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையிலோ காயலான் கடையிலோ விட்டுவிட்டு வராமல் வீட்டுக்குக் கேட்டு வாங்கி வாருங்கள். உங்கள் வீட்டுப் பத்திரமெல்லாம் அதில் இன்னும் இருக்கும்.